கீலேஷன் ட்ரிப் நோட்டீஸும் நிஜமாவே ஈயம் ஏறின பிள்ளைங்களும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பரை பிரிச்சதும் உள்ள இருந்து ஒரு கலர் நோட்டீஸ் விழுந்துச்சு. அது உங்க ஆபீஸ்ல அச்சடிச்சது இல்லன்னு எனக்கு தெரியும், ஏஜென்ட் கிட்ட காசு குடுத்து சொருகி விடறதுதான், ஆனா பேப்பருக்குள்ள வந்ததால எங்க தெருவுல பாதி பேர் அதை செய்தி மாதிரியே எடுத்துக்கிட்டாங்க. உடம்புல சேர்ந்திருக்கற ஈயம், பாதரசம், ஆர்சனிக் எல்லாத்தையும் ட்ரிப் போட்டு வெளிய எடுத்துடுவாங்களாம், அதோட மூட்டுவலி, மறதி, குழந்தைங்களுக்கு வர்ற ஆட்டிசம், ஹார்ட்ல அடைப்பு எல்லாமே சரியாயிடுமாம், பைபாஸே வேண்டாமாம், முதல் டெஸ்ட் இலவசமாம். கீலேஷன் தெரபின்னு பெரிய எழுத்துல போட்டிருந்துச்சு. எந்த கிளினிக்குன்னு நான் இங்க எழுதல, ஏன்னா இது ஒரு கிளினிக் சமாச்சாரம் இல்ல, இந்த மாதிரி நோட்டீஸ் இப்போ வாட்ஸ்அப்ல, யூட்யூப்ல எல்லா பக்கமும் சுத்துது.

நான் அரசு ஆஸ்பத்திரில பார்மசிஸ்டா இருந்து ரிட்டையர் ஆனவ. கீலேஷன் மருந்தை, அதாவது உடம்புல சேர்ந்த உலோகத்தை பிடிச்சு வெளிய தள்ற மருந்தை, கையில எடுத்து குடுத்திருக்கேன், அதுக்காக அலைஞ்சும் இருக்கேன். அந்த மருந்து பொய்னு சொல்ல நான் எழுதல. அது உயிரைக் காப்பாத்துற மருந்து, அதனாலதான் அதை இப்படி கண்டதுக்கும் விக்கறத பாத்துட்டு சும்மா இருக்க முடியல. கொஞ்சம் நீளமா எழுதிட்டேன், இடம் இல்லன்னா வெட்டிக்குங்க, ஆனா இடிடிஏங்கற கீலேஷன் மருந்து பத்தி சொல்ற இடத்தை மட்டும் தயவுசெஞ்சு வெட்டாதீங்க.

நோட்டீஸ்ல மருந்து பேரு வெறும் இடிடிஏன்னு மட்டும்தான் இருந்துச்சு. லேப்ல ரத்தம் எடுக்கும்போது ஊதா மூடி போட்ட சின்ன ட்யூப்ல பிடிப்பாங்களே, ஹீமோகுளோபின், பிளேட்லெட் பாக்கறதுக்கு, அந்த ட்யூபுக்குள்ள தடவியிருக்கறது இடிடிஏ உப்புதான். ரத்தம் உறையணும்னா கால்சியம் வேணும், இடிடிஏ அந்த கால்சியத்தை கெட்டியா பிடிச்சுக்கும், அதான் ட்யூப்ல ரத்தம் கட்டியாகாம அப்படியே இருக்கு. இதே வேலைய நரம்பு வழியா ஏத்தி உடம்புக்குள்ள செய்ய விட்டா ரத்தத்துல கால்சியம் மளமளன்னு இறங்கும், வலிப்பு வரும், இதயம் நின்னே போகும். இந்த ஆபத்தை தவிர்க்கத்தான் ஈய விஷத்துக்கு குடுக்கற மருந்துல முன்னாடியே கால்சியத்தை சேர்த்து தயார் பண்றாங்க, அதோட பேரு கால்சியம் டைசோடியம் இடிடிஏ. உடம்புக்குள்ள போனதும் அது கையில இருக்கற கால்சியத்தை விட்டுட்டு ஈயத்தை பிடிச்சுக்கிட்டு சிறுநீர் வழியா வெளிய போயிடும். கால்சியம் சேர்க்காத இன்னொன்னு இருக்கு, அது டைசோடியம் இடிடிஏ. லேபிள்ல ஒரே ஒரு வார்த்தைதான் வித்தியாசம், ஆனா ரெண்டும் வேற வேற மருந்து.

அந்த ஒரு வார்த்தையால அமெரிக்கால 2003-லேர்ந்து 2005-க்குள்ள மூணு பேர் செத்துப் போனாங்க, அங்க உள்ள நோய்க்கட்டுப்பாட்டு மையம் சிடிசி 2006-ல இதை அறிக்கையாவே வெளியிட்டுச்சு. டெக்சாஸ்ல ரெண்டு வயசு பெண் குழந்தை, அதுக்கு நிஜமாவே ரத்தத்துல ஈயம் இருந்துச்சு, ஆஸ்பத்திரிலதான் வச்சிருந்தாங்க, கால்சியம் உள்ளதுக்கு பதிலா கால்சியம் இல்லாதது ஏறிடுச்சு. பென்சில்வேனியால அஞ்சு வயசு பையன், ஆட்டிசத்துக்குன்னு சொல்லி ஒரு டாக்டர் ஆபீஸ்ல வச்சு ஏத்தியிருக்காங்க, அங்கயே இதயம் நின்னுடுச்சு. ஆரிகன்ல 53 வயசு அம்மா ஒருத்தங்க, இயற்கை வைத்தியர்கிட்ட போனவங்க. பெரிய ஆஸ்பத்திரில, படிச்சவங்க நடுவுலயே மாறிப் போன மருந்தை, ரெண்டு ரூம் வச்ச கிளினிக்ல யாரு லேபிள் படிச்சு ஏத்துவாங்கன்னு நினைக்கறீங்க? நோட்டீஸ்ல எந்த இடிடிஏன்னே எழுதாதவங்க.

அடுத்து அந்த இலவச டெஸ்ட். இதுல நிறைய படிச்சவங்களே ஏமாந்து போறாங்க. முதல்ல கீலேஷன் மருந்தை ஒரு டோஸ் குடுத்துடுவாங்க, அப்புறம் சில மணி நேரம் சிறுநீரை பிடிச்சு அதுல ஈயம், பாதரசம் எவ்வளவுன்னு பாப்பாங்க. நம்ம எல்லார் உடம்புலயும் கொஞ்சம் கொஞ்சம் இந்த உலோகம் இருக்கத்தான் செய்யுது, மருந்து அதை இழுத்து வெளிய தள்ளும், அப்போ சிறுநீர்ல அளவு ஏறித்தான் தெரியும். அந்த நம்பரை கொண்டுபோய், மருந்தே சாப்பிடாதவங்களுக்குன்னு போட்டு வச்சிருக்கற நார்மல் அளவோட ஒப்பிட்டு, சிவப்பு மையில வட்டம் போட்டு காட்டுவாங்க. யாரு போனாலும் சிவப்பு வட்டம்தான். உங்களையோ என்னையோ கூட்டிட்டு போனாலும் அதே வட்டம்தான் வரும். அமெரிக்காவோட மருத்துவ நச்சியல் கல்லூரி இந்த டெஸ்டுக்கு அறிவியல் ஆதாரமே இல்லன்னு ரொம்ப வருஷம் முன்னாடியே சொல்லிடுச்சு. ஈயம் இருக்கான்னு பாக்கணும்னா மருந்து எதுவும் குடுக்காம கை நரம்புல ரத்தம் எடுத்து பாக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

ஹார்ட் அடைப்பு பத்தியும் ஒண்ணு சொல்லியாகணும், ஏன்னா நோட்டீஸை பாத்துட்டு என்கிட்ட கேட்டவங்க எல்லாம் அதைத்தான் கேட்டாங்க. ஆராய்ச்சியே நடக்கலன்னு இல்ல. ஏற்கனவே ஹார்ட் அட்டாக் வந்த 1708 பேரை வச்சு அமெரிக்கா, கனடால ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்துச்சு, 2013-ல முடிவு வந்துச்சு, சின்னதா ஒரு நன்மை தெரிஞ்சுச்சு, அதுவும் சுகர் இருக்கறவங்களுக்கு கொஞ்சம் கூடுதலா தெரிஞ்சுச்சு. சரி, நிஜமான்னு பாப்போம்னு சுகரும் இருந்து அட்டாக்கும் வந்தவங்க கிட்டத்தட்ட ஆயிரம் பேரை மட்டும் வச்சு ரெண்டாவது தடவை பண்ணாங்க, அந்த முடிவு 2024-ல வந்துச்சு. ரத்தத்துல ஈயம் நல்லாவே குறைஞ்சுச்சு, ஆனா அட்டாக்கோ ஸ்ட்ரோக்கோ சாவோ குறையல. இதுக்கு மேல பைபாஸ் வேண்டாம், ட்ரிப் போதும்னு சொல்றவங்களை நம்பி கார்டியாலஜிஸ்ட் எழுதின மாத்திரையை நிறுத்திட்டு போறது உயிரோட விளையாடறது. எங்க தெருவுலயே ஒருத்தர் ஸ்டென்ட் தேதியை தள்ளிப் போடலாமான்னு யோசிச்சுக்கிட்டு இருந்தாரு, அவர் வீட்டம்மாகிட்ட உக்காந்து பேசி அனுப்பி வச்சிருக்கோம்.

இப்போ நிஜ மருந்துக்கு வரேன். ரெண்டாம் உலகப்போர் சமயம் ஆர்சனிக் கலந்த லூயிசைட்னு ஒரு விஷவாயுவை எதிரி வீசுவான்னு பயந்து இங்கிலாந்துல ஆக்ஸ்போர்டுல பீட்டர்ஸ், ஸ்டாக்கன், தாம்ப்சன்னு மூணு பேர் மாத்து மருந்து தேடினாங்க. ஆர்சனிக் நம்ம உடம்புல எங்க போய் ஒட்டுதுன்னு பாத்தா, புரதத்துல இருக்கற கந்தகத்துல. அப்போ அதை விட நல்லா பிடிக்கற மாதிரி கந்தகம் உள்ள ஒரு மருந்தை உள்ள அனுப்பினா ஆர்சனிக் அதுல ஏறி வெளிய வந்துடும்னு கணக்கு போட்டு செஞ்சதுதான் பிஏஎல், இப்போ டைமெர்காப்ரால்னு சொல்றோம். இன்னிக்கு வரைக்கும் அது கடலை எண்ணெய்ல கலந்த ஊசியாத்தான் வருது. ஆம்பூலை உடைச்சா கந்தக நாத்தம் ரூம் முழுக்க அடிக்கும், எண்ணெய் ஊசிங்கறதால இடுப்புல ஆழமா, மெதுவா ஏத்தணும், போட்டுக்கறவங்களுக்கு உயிர் போற வலி, பிரஷர் ஏறும், வாந்தி வரும், கடலை அலர்ஜி இருந்தா போடவே கூடாது. காட்மியம், இரும்பு விஷத்துக்கு இதை குடுத்தா கெடுதல்தான் கூடும். எல்லா மெட்டலுக்கும் ஒரே ட்ரிப்புன்னு யாராவது சொன்னா அங்கயே தெரிஞ்சுக்கலாம் அவங்களுக்கு இந்த மருந்து பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு. அப்புறம் வந்தது சக்சிமர், டிஎம்எஸ்ஏன்னும் சொல்வாங்க, கேப்ஸ்யூல், வாயால சாப்பிடலாம், குழந்தைங்களுக்கு இதுதான் இப்போ முதல் மருந்து, அமெரிக்கால 1991-ல அனுமதி குடுத்தாங்க. இதுவும் அழுகின முட்டை மாதிரி நாறும், சின்ன பிள்ளைங்களுக்கு ஜூஸ்லயோ பழக்கூழ்லயோ பிரிச்சு கலந்து குடுக்கறதுக்குள்ள தாய்மாருக்கு போதும் போதும்னு ஆயிடும்.

இந்த மருந்து யாருக்கு வேணும்? நோட்டீஸ் பாத்துட்டு ஏசி ரூம்ல உக்காந்து ட்ரிப் ஏத்திக்க போறவங்களுக்கு இல்ல. பழைய பேட்டரி உடைக்கற வீட்டு பிள்ளைங்களுக்கு வேணும். நான் வேலைல இருந்தப்போ ஒரு பையன் வந்தான், நாலு வயசு இருக்கும், வயித்துவலி, மலச்சிக்கல், ஆளு வெளுத்துப்போய் இருந்தான். ரெண்டு மூணு இடத்துல பூச்சி மாத்திரையும் இரும்பு டானிக்கும் குடுத்து அனுப்பியிருக்காங்க. எங்க குழந்தைகள் டாக்டர் அப்பா என்ன வேலைன்னு கேட்டாரு, அப்போதான் வெளிய வந்துச்சு, வீட்டுக்கு பின்னாடியே கொட்டாய் போட்டு கார் பேட்டரி, இன்வெர்ட்டர் பேட்டரியெல்லாம் உடைச்சு, ஆசிட்டை அங்கயே மண்ணுல ஊத்திட்டு, உள்ள இருக்கற ஈயப் பிளேட்டை இரும்புச் சட்டில போட்டு உருக்கி அச்சுல ஊத்தி எடைக்கு விக்கறாங்கன்னு. உருக்கும்போது மேல மிதக்கற கசடை கரண்டியால வழிச்சு அப்படியே ஓரமா தட்டிடுவாங்களாம், காஞ்சதும் சாம்பல் மாதிரி பறக்கும், பையன் அந்த மண்ணுலதான் விளையாடறான், அந்த கையாலதான் முறுக்கு சாப்பிடறான். அப்பாவோட சட்டையும் பையனோட துணியும் ஒரே வாளிலதான் ஊறுது.

ரத்தத்துல ஈயம் பாக்கற வசதி எங்ககிட்ட இல்ல, பிரைவேட் லேப் மூலமா வெளியூருக்கு அனுப்பி ரிசல்ட் வர்றதுக்குள்ள எல்லாருக்கும் தவிப்பா இருந்துச்சு. வந்த நம்பர் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு அறுபது மைக்ரோகிராமுக்கு மேல, மருந்து குடுத்தே ஆகணும்ங்கற அளவு. மருந்து எங்க ஸ்டோர்ல இல்ல, இண்டென்ட் போட்டா எப்போ வரும்னு தெரியாது, லோக்கல் பர்ச்சேஸ்ல வாங்கலாம்னா கடைக்காரங்களுக்கு பேரே தெரியல, ஒரு ஒரு மொத்த வியாபாரியா போன் போட்டு கடைசில கிடைச்சுச்சு. பத்தொம்பது நாள் கோர்ஸ், சாப்பிட்டான், நம்பர் பாதிக்கு மேல இறங்குச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டோம். வீட்டுக்கு போனான். அடுத்த தடவை ரத்தம் எடுத்தப்போ திரும்ப ஏறியிருந்துச்சு. ஏன்னா வீட்டுல எதுவும் மாறல, சட்டி அதே இடத்துல, கசடு அதே மண்ணுல. கொஞ்சம் எலும்புல இருந்தும் வரும், ஈயம் எலும்புல கால்சியம் மாதிரியே போய் உக்காந்துக்கும், அங்க வருஷக்கணக்கா இருக்கும், ரத்தத்தை சுத்தம் பண்ணதும் எலும்புல இருந்து கசிஞ்சு திரும்ப ரத்தத்துக்கு வரும். ஆனா இந்த பையனுக்கு அது மட்டும் இல்ல. அப்புறம் கிராம சுகாதார நர்ஸ் ஒருத்தங்க வீட்டுக்கே போய் பாத்து, தாத்தா வீட்டுக்கு பையனை மாத்தி விட்டு, அப்பாவையும் பேசிப் பேசி அந்த வேலைய ஊருக்கு வெளிய ஒரு ஷெட்டுக்கு கொண்டுபோக வச்ச பிறகுதான் நம்பர் இறங்கி நின்னுச்சு. மருந்து எழுதின டாக்டர், தேடிப்பிடிச்ச நான், எங்க எல்லாரையும் விட அந்த நர்ஸ்தான் அந்த பிள்ளையை காப்பாத்தினாங்கன்னு நான் இன்னிக்கும் சொல்வேன்.

இதே பாடத்தை ஆப்பிரிக்கால நைஜீரியா நாட்டுல ஜம்ஃபாரா மாநிலத்துல ரொம்ப பெரிய விலை குடுத்து கத்துக்கிட்டாங்க. 2010 ஆரம்பத்துல அங்க சின்ன சின்ன கிராமத்துல அஞ்சு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்க வலிப்பு வந்து வரிசையா செத்தாங்க, முதல்ல மலேரியான்னுதான் நினைச்சாங்க. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ரத்தத்தை எடுத்து அனுப்பினதும்தான் ஈயம்னு தெரிஞ்சுச்சு. தங்கம் விலை ஏறினதால ஊர் சனம் பாறையை வெட்டி எடுத்துட்டு வந்து வீட்டு முத்தத்துலயே உடைச்சு, மாவு அரைக்கற மெஷின்ல போட்டு அரைச்சு தங்கம் எடுத்திருக்காங்க, அந்த பாறைல தங்கத்தோட ஈயம் ஏகத்துக்கும் இருந்திருக்கு. டரேட்டா, யார்கல்மான்னு ரெண்டு கிராமத்துல மட்டும் ஒரே வருஷத்துல அஞ்சு வயசுக்கு கீழ உள்ள பிள்ளைங்கள்ல நாலுல ஒண்ணு செத்துப் போச்சு. மொத்தமா அந்த வட்டாரத்துல 400 குழந்தைங்களுக்கு மேல. உயிரோட இருந்த பிள்ளைங்களை டெஸ்ட் பண்ணா கிட்டத்தட்ட எல்லாருக்குமே மருந்து குடுத்தே ஆகணும்ங்கற அளவுக்கு மேல.

அங்க அந்த டாக்டர்கள் ஒரு முடிவு எடுத்தாங்க பாருங்க, அதை நினைச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு அடைக்குது. வீட்டை சுத்தம் பண்ணாத கிராமத்துல கீலேஷன் ஆரம்பிக்க மாட்டோம்னு. கையில மருந்து இருக்கு, கண்ணு முன்னாடி பிள்ளை இருக்கு, ஆனாலும் ஆரம்பிக்கல. ஏன்னா ஒரு பக்கம் மருந்து குடுத்துக்கிட்டு இன்னொரு பக்கம் அதே மண்ணுல தவழ விட்டா போன ஈயம் திரும்ப ஏறிக்கிட்டேதான் இருக்கும், சில கீலேஷன் மருந்து குடல்ல கிடக்கற ஈயத்தையும் சேர்த்து உள்ள இழுத்துடும்ங்கற பயமும் உண்டு. அதனால முத்தத்து மேல்மண்ணை சுரண்டி எடுத்து, குழி தோண்டி புதைச்சு, புது மண்ணு கொட்டி, அப்புறம்தான் சக்சிமர். பகேகான்னு ஒரு ஊரு, சுத்தம் பண்ண பணம் வந்து சேராம 2013 வரைக்கும் காத்துக்கிட்டு இருந்துச்சு, அது வரைக்கும் அந்த ஊர் பிள்ளைங்களுக்கு முறையா மருந்து ஆரம்பிக்க முடியல. ஆனா சுத்தம் பண்ணி மருந்து குடுத்த ஊர்ல எல்லாம் சாவு மடமடன்னு குறைஞ்சுச்சு. ஆயிரத்துக்கும் மேல சின்ன பிள்ளைங்களுக்கு அந்த கேப்ஸ்யூலை கொடுத்திருக்காங்க, அத்தனை பேருக்கு அந்த மருந்தை ஒரே இடத்துல அதுக்கு முன்னாடி யாரும் குடுத்ததில்ல. மருந்தோட நிஜமான பெருமை அதுல இருக்கு, நோட்டீஸ்ல இல்ல.

அளவு எவ்வளவுன்னு கேப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் 2021-ல வெளியிட்ட வழிகாட்டில, பத்து வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்களுக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்துல 45 மைக்ரோகிராமோ அதுக்கு மேலயோ இருந்தா வாய்வழி கீலேஷன் குடுக்கணும்னு இருக்கு. அஞ்சுக்கு மேல போனாலே எங்க இருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு நிறுத்தணும்னும் அதுலயே இருக்கு. நடுவுல இருக்கறவங்களுக்கு ஏன் மருந்து இல்லன்னா, அமெரிக்கால 20-லேர்ந்து 44 வரைக்கும் இருந்த 780 பிள்ளைங்களுக்கு பாதி பேருக்கு சக்சிமரும் பாதி பேருக்கு வெறும் மாத்திரையும் குடுத்து வருஷக்கணக்கா பாத்தாங்க, 2001-ல முடிவு வந்துச்சு. மருந்து சாப்பிட்டவங்களுக்கு ரத்தத்துல ஈயம் குறைஞ்சுச்சு, ஆனா அறிவு வளர்ச்சி, படிப்பு, நடத்தை எதுலயும் வித்தியாசமே இல்ல, ஏழு வயசுல திரும்ப பாத்தப்பவும் இல்ல. அதாவது மூளைல ஆன சேதத்தை மருந்து திருப்பிக் குடுக்காது. பாதரசத்துலயும் இதே கதைதான். ஜப்பான்ல மினமாட்டால மீன் வழியா மீதைல் பாதரசம் ஏறி கை கால் விளங்காம போனவங்களுக்கு எந்த கீலேஷனும் பழையபடி நடக்க வைக்கல. நம்ம கொடைக்கானல்ல பாதரச தெர்மாமீட்டர் ஃபேக்டரி 2001-ல மூடினது, 591 தொழிலாளிங்க போராடி 2016-ல நிவாரணத்துக்கு ஒப்பந்தம் ஆனது எல்லாம் உங்க வாசகருக்கு ஞாபகம் இருக்கும். அப்பவும் ஊசி போட்டா பாதரசம் போயிடாதான்னு எவ்வளவு பேர் என்கிட்ட கேட்டாங்க. சிறுநீர்ல பாதரசம் அதிகமா வெளிய போகும்தான், ஆனா கெட்ட நரம்பும் சிறுநீரகமும் அதனால சரியாகும்னு நிரூபிச்சவங்க யாரும் இல்ல.

இங்க ஒரு விஷயத்தை அழுத்தி சொல்லணும், இந்த லெட்டரை பாத்துட்டு யாரும் தப்பா எடுத்துடக் கூடாது. பிறவிலயே ரத்தம் சரியா ஊறாத தலசீமியா பிள்ளைங்களும் வில்சன் நோய் உள்ளவங்களும் கீலேஷன் மருந்துலதான் உயிர் வாழறாங்க. தலசீமியால மாசா மாசம் ரத்தம் ஏத்தணும், ஒவ்வொரு பையிலயும் 200 மில்லிகிராமுக்கு மேல இரும்பு உள்ள போகுது, அதை வெளிய தள்ள உடம்புக்கு வழியே கிடையாது, இதயத்துலயும் ஈரல்லயும் போய் படியும். முன்னாடி டெஸ்பெரால் ஊசியை சின்ன பம்ப்ல வச்சு ராத்திரி பூரா தோலுக்கு கீழ ஏத்துவாங்க, பிள்ளைங்க வயித்துல ஊசியோடயே தூங்கும். வாயால சாப்பிடற டெஃபெரிப்ரோன் உலகத்துலயே முதல்ல அனுமதி வாங்கினது நம்ம இந்தியாலதான், 1990-கள்ல, அதுல எனக்கு ரொம்ப பெருமை உண்டு. இப்போ டெஃபெராசிராக்ஸ் மாத்திரை இருக்கு. வில்சன் நோய்ல செம்பு சேரும், அதுக்கு பெனிசிலமைன், 1956-ல ஜான் வால்ஷ்னு ஒரு இங்கிலாந்து டாக்டர் நோயாளிக்கு குடுக்கறதுக்கு முன்னாடி தானே முழுங்கிப் பாத்துட்டு கொண்டு வந்தது. இவங்களுக்கு எல்லாம் இது ஆயுள் முழுக்க, ரெகுலரா பிளட் டெஸ்ட், யூரின் டெஸ்ட், வெள்ளணு பாத்துக்கிட்டே சாப்பிடணும், ஒரு நாளும் தானா நிறுத்தக் கூடாது. பெனிசிலமைனை திடீர்னு நிறுத்திட்டு ஈரல் மொத்தமா பழுதாகிப் போனவங்க இருக்காங்க. யாரோ ஒருத்தர் பேப்பர்ல கீலேஷன் ஆபத்துன்னு எழுதினாங்கன்னு ஒரு அம்மா பிள்ளையோட மாத்திரையை நிறுத்திட்டா அந்த பாவம் எனக்குத்தான் வரும்.

ஈயம் பேட்டரில இருந்து மட்டும்தான் வருதான்னா இல்ல. பழைய பெயின்ட், எங்க செஞ்சதுன்னே தெரியாத கண்மை, பளிச்சுன்னு மஞ்சளா தெரியணும்னு ஈய குரோமேட் கலந்த மஞ்சள்தூள், பங்களாதேஷ்ல இதை கண்டுபிடிச்சு 2019-க்கு அப்புறம் கடை கடையா ரெய்டு பண்ணி ரெண்டே வருஷத்துல மார்க்கெட்ல இருந்து துடைச்சுட்டாங்க, ஒரு கேப்ஸ்யூல் கூட செலவு இல்லாம. யாரு செஞ்சதுன்னே தெரியாம ரோட்டோரம், ஆன்லைன்ல விக்கற பஸ்பம், செந்தூரம், லேகியமும் அதே மாதிரிதான். நான் சித்த வைத்தியத்துக்கு எதிரி இல்ல, எங்க ஆஸ்பத்திரிலயே சித்தா பிரிவு இருந்துச்சு, அங்க உள்ள டாக்டர் ரொம்ப நல்லவரு, அவரே சொல்வாரு, சுத்தி, அதாவது மூலப்பொருளை முறையா சுத்தம் பண்றது, செய்யாத மருந்து விஷம்னு. அமெரிக்கால பாஸ்டன் கடைகள்ல வித்த ஆயுர்வேத மருந்து 70-ஐ எடுத்து பாத்தப்போ 14-ல ஈயம், பாதரசம் இல்லன்னா ஆர்சனிக் இருந்துச்சுன்னு 2004-ல வந்துச்சு. அப்படி ஒரு லேகியத்தை வருஷக்கணக்கா சாப்பிட்டுட்டு, அதனால வந்த அசதிக்கு கீலேஷன் ட்ரிப் போட போறவங்களும் இருக்காங்க, லேகியத்தை நிறுத்தாமலே. டாக்டர் கேட்டா மறைக்காம சொல்லுங்க, டப்பாவையே எடுத்துட்டு போய் காட்டுங்க.

எனக்கு மூணு பேர்கிட்ட கேக்க வேண்டியது இருக்கு. முதல்ல உங்ககிட்ட. பேப்பருக்குள்ள சொருகற நோட்டீஸ்ல வைத்தியம் சம்பந்தப்பட்டது வந்தா குறைஞ்சபட்சம் டாக்டர் பதிவு நம்பர், மருந்தோட முழு பேரு இருக்கான்னு பாத்து வாங்கச் சொல்லி ஏஜென்டுங்களுக்கு ஒரு சர்க்குலர் அனுப்புங்க, அதுவே பாதி நோட்டீஸை நிறுத்திடும். உங்க நிருபர் யாரையாவது அந்த மாதிரி ஒரு இடத்துக்கு அனுப்பி எந்த இடிடிஏ ஏத்தறீங்க, பாட்டிலை காட்டுங்கன்னு கேக்கச் சொல்லுங்க.

அடுத்தது சுகாதாரத்துறைகிட்ட. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இல்லன்னாலும் மெடிக்கல் காலேஜ் இருக்கற ஊர்லயாவது ரத்தத்துல ஈயம் பாக்கற வசதியும், காலாவதி ஆகாத சக்சிமரும் கால்சியம் உள்ள இடிடிஏவும் கொஞ்சமாவது ஸ்டாக்ல வேணும். அதிகம் தேவைப்படாத மருந்து, எக்ஸ்பைரி ஆகி வீணாகும்னு ஆடிட்ல கேள்வி வரும்னுதான் யாரும் வாங்கி வைக்க மாட்டாங்க, நானே அந்த சீட்ல உக்காந்திருந்தவ, அந்த பயம் எனக்கு நல்லா தெரியும். நாலஞ்சு மாவட்டத்துக்கு ஒரு இடத்துல வச்சு, தேவைப்பட்டா ஆம்புலன்ஸ்லயே அனுப்பற மாதிரி செஞ்சா வீணாகாது. ஒரு பிள்ளைக்கு ரத்தத்துல ஈயம் 45-க்கு மேல வந்தா மருந்து எழுதற அன்னிக்கே யாராவது வீட்டுக்கு போய் பாக்கணும்னு உத்தரவு போடணும், அதை டிஸ்சார்ஜ் சீட்டுலயே எழுதணும், வீடு பாத்தாச்சா இல்லையான்னு. பழைய பேட்டரியை எடுத்துட்டு போறவங்க எங்க கொண்டுபோய் உடைக்கறாங்கன்னு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் பாக்கணும், 2022-லயே பேட்டரி கழிவுக்கு தனி விதி வந்தாச்சு, அது கொட்டாய் வரைக்கும் போய் சேரல.

கடைசியா அந்த கொட்டாய்ல வேலை செய்யற அண்ணன்மார்கிட்ட. உங்க வயித்துப்பாட்டை விட்டுடுங்கன்னு நான் சொல்லல. வீட்டு வளாகத்துல உருக்காதீங்க. வேலை முடிஞ்சதும் அங்கயே குளிச்சுட்டு சட்டை மாத்திட்டு வாங்க, வேலை சட்டையை பிள்ளைங்க துணியோட ஊற வைக்காதீங்க. அந்த இடத்துல பீடி பத்த வைக்காதீங்க, சோறு திங்காதீங்க. பிள்ளைக்கு பால், முட்டை, கேழ்வரகு, கீரை குடுங்க, உடம்புல கால்சியமும் இரும்பும் போதுமான அளவு இருந்தா ஈயம் ஏறறது குறையும். வயித்துவலி, மலச்சிக்கல், வெளுப்பு, திடீர்னு எரிச்சல், பேச்சு குறையறதுன்னு எது இருந்தாலும் டாக்டர்கிட்ட போறப்போ நான் பேட்டரி உடைக்கறேன்னு முதல் வார்த்தையா சொல்லிடுங்க, அவரா கேப்பாருன்னு காத்திருக்காதீங்க.

இப்படிக்கு,
ரிட்டையர்ட் அரசு மருந்தாளுநர் ஒருவர்,
சேலம் மாவட்டம்